கைக்கு மருந்து, கண்ணுக்குப் படம்



எங்கள் பாடசாலையிலே கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் முதற் பாடத்துக்கு வெண்கட்டியைப் பிடிக்க விரல்கள் மடங்கா. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் இரு தடவை கையை உதறிக்கொள்வார். வைத்தியர்கள் மூட்டுவாதம் என்று கண்டு, பிற மருந்துகளோடு சிறு குளிசை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் வீக்கம் தணிந்தது. பலகை நிறைய மீண்டும் எழுதலானார். அண்மையில் ஒருநாள் விடுமுறை விண்ணப்பத்துடன் அவர் என் அறைக்கு வந்தார். கண் சிகிச்சை நிலையத்துக்குப் போகவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"கண்ணில் என்ன குறை?" என்று கேட்டேன்.

"கண்ணில் ஒரு குறையுமில்லை, ஐயா. நோவது விரல், அவர்கள் படம் பிடிப்பது கண்ணை. ஏனென்று கேட்டால், அந்தக் குளிசைக்காக என்கிறார்கள். அதற்குமேல் விளக்க அவர்களுக்கு நேரமில்லை" என்றார்.

நான் கலைப்பிரிவிலே பட்டம் பெற்றவன்; வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன். மருந்தைப் பற்றி எவருக்கும் ஆலோசனை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அவ்வாசிரியையின் வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அவ்விடையிற் பாதி வைத்திய நூல்களிலும் மறுபாதி வரலாற்றிலும் கிடப்பதைக் கண்டேன். அந்த மறுபாதியைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்றே கருதுகிறேன்.

அக்குளிசையின் பெயர் ஹைட்ரொக்சிக்குளோரோகுயின். பெயரும் நீண்டது, வம்சமும் நீண்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு நம் பாட்டன்மார் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய கொயினாவே அவ்வம்சத்தின் மூத்த பிள்ளை. தென்னமெரிக்க மலைகளிலே வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெற்றியே, கவான்தூ என்னும் இரு பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1820, இடம் பாரிஸ் நகரம். இம்மரத்துக்கும் நம் நாட்டுக்கும் உறவுண்டு. நுவரெலியாவுக்கு அணித்தாயுள்ள ஹக்கலைப் பூந்தோட்டத்துக்கு இன்று ரோசாமலர் பார்க்கப் போகிறவர்கள், அது 1861ஆம் ஆண்டில் சிங்கோனாச் செய்கைக்கென்றே தொடங்கப்பட்ட தோட்டம் என்பதை அறிந்திருப்பது அரிது. கோப்பிச் செடியை இலைநோய் தின்றபின், தோட்டத்துரைமார் சிலகாலம் சிங்கோனாவை நம்பினர். எல்லோரும் ஒருங்கே நட்டதனாற் பட்டையின் விலை சரிந்தது. பின்னரே தேயிலை மலைகளை மூடிற்று. சிங்கோனா வாணிபம் ஒல்லாந்தர் ஆண்ட யாவாத் தீவின் கைக்குப் போயிற்று.

1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றி எங்கள் தலைமுறையினர் முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளிலே அடுத்த சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் இறந்தனர். அதே 1934ஆம் ஆண்டிலேதான், ஜேர்மனியில் எல்பர்பெல்ட் என்னும் நகரத்திலிருந்த பேயர் கம்பனியின் ஆய்வுகூடத்திலே, ஹான்ஸ் அன்டர்சாக் என்பவர் மரப்பட்டையின் உதவியின்றி ஒரு மலேரியா மருந்தை ஆக்கினார். அதனை ரெசோக்கின் என்று அழைத்தார்கள். பரிசோதித்தவர்கள், மனிதருக்குக் கொடுக்கத் தகாத அளவு நச்சுத்தன்மை உடையதென்று அதனை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அம்முடிவு பிழையென்று பின்னாளில் எல்லோரும் கூறினர். முற்றிலும் பிழைதானா என்பதை இப்பேச்சின் முடிவில் நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

1942இல் யாவா யப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்குக் கொயினா வரும் வழி அடைபட்டது. காட்டிலே போர்புரிந்த சிப்பாய்களுக்கு மெப்பாக்கிரின் என்னும் செயற்கை மருந்தைக் கொடுத்தார்கள். அது தோலை மஞ்சளாக்கியது. 1943இல் வட ஆபிரிக்காவிலே தூனிஸ் நகரம் வீழ்ந்தபோது, ரெசோக்கினின் உடன்பிறப்பாகிய மற்றொரு ஜேர்மன் மருந்து பிரெஞ்சு வைத்தியர் வழியாக அமெரிக்கருக்குக் கிடைத்தது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் சுற்றிச் சுழன்று ஒதுக்கப்பட்ட ரெசோக்கினிடமே வந்து சேர்ந்தார்கள். 1946இல் அது குளோரோகுயின் என்ற புதுப்பெயருடன் உலகுக்கு அறிமுகமாயிற்று. மலேரியாவைத் தடுக்க வாரம் ஒருமுறை உட்கொண்டாற் போதும். கோடிக்கணக்கானோர் உட்கொண்டனர், பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை.

மலேரியா மருந்து மூட்டுவாதத்துக்கு வந்த கதை இனி. 1894இலேயே இலண்டன் வைத்தியர் பெயின் என்பவர், லூப்பஸ் என்னும் தோல்நோய்க்குக் கொயினா பயன்படுவதைப் பற்றி உரையாற்றியிருந்தார். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. உலகப் போரில் மெப்பாக்கிரின் விழுங்கிய சிப்பாய்கள் சிலருக்குத் தோற்படையும் மூட்டுநோவும் தணிந்தன. 1951இல் பிரான்சிஸ் பேஜ் என்ற ஆங்கில வைத்தியர், லூப்பஸ் நோயாளருக்கு மெப்பாக்கிரின் கொடுத்துக் கண்ட நற்பயனை லான்செற் சஞ்சிகையில் எழுதினார். அதன்பின் மஞ்சள் நிறமூட்டும் மருந்தை விடுத்துக் குளோரோகுயினையும், 1950களின் நடுவிலே பழக்கத்துக்கு வந்த அதன் தம்பி ஹைட்ரொக்சிக்குளோரோகுயினையும் கொடுக்கத் தொடங்கினர்.

இங்கே ஒரு வேறுபாட்டை நேயர்கள் கவனிக்கவேண்டும். மலேரியாவுக்கு வாரம் ஒரு முறை, மூட்டுவாதத்துக்கோ நாள்தோறும். மலேரியாவுக்குச் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள், மூட்டுவாதத்துக்கு ஆண்டுக்கணக்கு. மருந்து ஒன்றே, உட்கொள்ளும் காலமும் அளவும் வேறு. ஒன்றிலே பெற்ற நற்சான்றிதழை மற்றொன்றுக்கும் செல்லுபடியாக்கியதே அக்காலத்தவர் செய்த தவறு என்பது என் எண்ணம். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஐந்தாம் வகுப்பிலே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளையைப் பத்தாம் வகுப்புவரை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

1957இல் கம்பியாஜி என்பவர், லூப்பஸ் நோயாளி ஒருவருடைய கண்ணின் உட்புறத்திற் கண்ட வழக்கத்துக்கு மாறான நிறமாற்றங்களை எழுதினார். 1959இல் ஹொப்ஸ், சோர்ஸ்பி, பிரீட்மன் என்னும் மூவர், நெடுங்காலம் குளோரோகுயின் உட்கொண்டோரின் விழித்திரை கெட்டிருப்பதை லான்செற் சஞ்சிகையில் அறிவித்தனர். நோயன்று, மருந்தே காரணம் என்று அன்று தெளிவாயிற்று.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரிலே தாள்போல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். ஒளியை உணர்வது அதுவே. அதன் நடுவே மஞ்சட் புள்ளி என்று ஓர் இடமுண்டு. எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அவ்விடத்தின் தொழில். ஒளியுணரும் கலங்களுக்குப் பின்னே அவற்றைப் போஷிக்கும் கருநிறப் படலம் ஒன்று இருக்கிறது. அக்கருநிறப் பொருளோடு இம்மருந்து ஒட்டிக்கொள்கிறது, எளிதில் அகல்வதில்லை. தீங்கு நேரும்போது அது பெரும்பாலும் மஞ்சட் புள்ளியின் நட்டநடுவைத் தொடுவதில்லை. நடுவைச் சுற்றி ஒரு வளையமாகத் தொடங்குகிறது. முற்றியபின் உள்ளே பார்த்தால், அம்பெய்வோர் குறிவைக்கும் வட்டப் பலகைபோல, நடுவே கருமையும் சுற்றிலும் வெளிறிய வளையமும் தெரியும்.

இவ்வளையத்திலேதான் வஞ்சனை இருக்கிறது. நடுப்பகுதி கெடாதிருப்பதனால், சுவரிலே தொங்கும் எழுத்துப் பலகையை அந்நோயாளி கடைசி வரிவரை வாசித்துவிடுவார். தம் பார்வை முழுமையானது என்றே அவர் சொல்வார். சோதித்தவரும் அப்படியே குறித்துக்கொள்வார். வளையத்துக்குள் விழும் ஓரிரு எழுத்துகள் வாசிக்கும்போது மறைவதை அவர் அச்சுப்பிழை என்றோ களைப்பு என்றோ எண்ணிக்கொள்வார். தாமாகவே குறையை உணரும் நாளில், இழந்தது மீளாத நிலைக்கு வந்துவிடும். மருந்தை நிறுத்தினாலும், முற்றிய நிலையிலே தீங்கு பின்னும் சில காலம் பரவுவதுண்டு. ஆகவே, நோயாளி உணருமுன்னர் பிறர் காணவேண்டும். எதனைக் கொண்டு காண்பது?

கண்ணுக்குள் நோக்கும் வழியை உலகுக்குத் தந்தவர் ஜேர்மானியராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ். கோனிக்ஸ்பேர்க் சர்வகலாசாலையிலே ஆசிரியராயிருந்த அவர், கண்ணின் கருமணி சில வேளைகளில் ஒளிர்வதேன் என்பதை மாணவருக்கு விளக்கப் பாடம் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபோது இக்கருவி அவருக்குத் தோன்றியது. 1850இல் அமைத்து, மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார். பாடக்குறிப்பு எழுதுவது வீண்வேலை என்று முணுமுணுக்கும் இளம் ஆசிரியர்களுக்கு நான் இதனை அடிக்கடி சொல்வதுண்டு. அக்கருவியால், உயிருள்ள மனிதனின் விழித்திரையும் அதன் இரத்தக் குழாய்களும் வைத்தியரின் கண்ணுக்கு முதன்முதலாகத் தெளிவாய்த் தெரிந்தன.

ஆனால் பார்ப்பது வேறு, பதிவது வேறு. பார்த்தவர் வரைந்து வைத்தார். வரைந்தவர் கை எப்படியோ படமும் அப்படி. 1886இல் இங்கிலாந்திலே ஜக்மன், வெப்ஸ்டர் என்னும் இருவர் மனிதக் கண்ணின் உட்புறத்தை நிழற்படமாக்கினர். புகைப்படப் பெட்டியை அம்மனிதரின் தலையோடு பிணைத்து, வாயு விளக்கின் ஒளியில் இரண்டரை நிமிடம் அசையாதிருக்கச் செய்தார்கள். கண் இமைக்காமல் நாம் இரண்டரை நிமிடம் இருந்து பார்த்தால் அவருடைய பொறுமை விளங்கும். 1926இல் சுவீடன் நாட்டவராகிய நோர்டென்சன் அமைத்த பெட்டியை ஜேர்மனியின் சைஸ் கம்பனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1950களில் மின்னல்போல் ஒளிரும் விளக்கு சேர்ந்தபின் படம் பிடிப்பது எளிதாயிற்று.

ஆகவே 1959இல் தீங்கு வெளிப்பட்டபோது படக்கருவி இருந்தது. எனினும் அது போதவில்லை. மேலிருந்து எடுத்த படத்திலே வளையம் தெரியுமளவுக்கு வந்தபின் செய்வதற்கு அதிகமில்லை. தோட்டத்தில் இலை பழுத்தபின் வேரிலே நோயென்று அறிவதுபோன்ற நிலை அது. ஆதலால் அக்கால வைத்தியர்கள் படத்தைவிட நோயாளியின் வாய்மொழியையே நம்பினார்கள். சிவப்பு நிறப் புள்ளியொன்றைப் பார்வைப் பரப்பில் அங்குமிங்கும் நகர்த்தி, மறைகிறதா என்று கேட்டனர். சுவிற்சர்லாந்துக் கண் வைத்தியர் மார்க் அம்ஸ்லர் அமைத்த சதுரக்கோட்டுத் தாளைக் கொடுத்து, கோடு எங்கேனும் அறுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். எங்கள் கணித ஆசிரியைக்கு அத்தாள் ஒன்றைக் காட்டினேன். "வரைபுத்தாள்தானே ஐயா" என்று சிரித்தார்.

1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரிலே வைத்தியம் பயின்றுகொண்டிருந்த நொவொட்னி, அல்விஸ் என்ற இளைஞர் இருவர் வேறொரு வழி கண்டனர். புளோரெசின் என்னும் ஒளிரும் சாயத்தைக் கையிலுள்ள நாளத்தில் ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களிலே பாய்ந்து செல்வதைப் படம்பிடித்தனர். முதலில் யாருக்குச் சாயம் ஏற்றுவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்களாம், அல்விஸ் தோற்றார். அவர்கள் எழுதிய கட்டுரையைக் கண் வைத்தியச் சஞ்சிகை ஏற்கவில்லை. 1961இல் இரத்தவோட்டம் பற்றிய சஞ்சிகையொன்றிலே அது வெளிவந்தது. கண்ணுக்குத் தப்பிய நிறப்படலச் சிதைவை இம்முறை ஓரளவு முன்னதாகக் காட்டிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஊசியேற்றிச் சோதிக்க எல்லோரும் உடன்படுவார்களா?

பெரிய மாற்றம் 1991இல் வந்தது. நேயர்களே, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூவினால் எதிரொலி வருகிறது. அது திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம். அதேபோல ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது திரும்பிவரும் நேரத்தை அளந்தால், அடுக்குகளின் ஆழத்தை அறியலாமன்றோ? தடை என்னவெனில், ஒளி செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது. விழித்திரையின் தடிப்போ மஞ்சட் புள்ளிக்கருகே கால் மில்லிமீற்றர் அளவு. அந்நேரத்தை அளக்கும் கடிகாரம் கிடையாது. ஆதலால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றைத் தூரம் அறிந்த கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பிவரும் இரண்டையும் மோதவிட்டு ஒப்பிட்டார்கள். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே புஜிமொற்றோவின் ஆய்வுகூடத்தில் மாணவராயிருந்த டேவிட் ஹுவாங்கும், சுவான்சன் முதலிய பிறரும், பொஸ்ரன் நகர்க் கண் வைத்தியரோடு சேர்ந்து இதனைச் செய்தனர். இதுவே ஓ. சீ. ரி. எனப்படுவது. 1993இல் உயிருள்ள மனிதரின் விழித்திரையை இவ்வாறு படமெடுத்தார்கள். 1996இல் கருவி விற்பனைக்கு வந்தது. புஜிமொற்றோ, ஹுவாங், சுவான்சன் மூவரும் 2023இல் லாஸ்கர் பரிசைப் பெற்றனர்.

பழைய நிழற்படம் கேக்கை மேலிருந்து பார்ப்பது, ஓ. சீ. ரி. அதனை வெட்டி அடுக்குகளைக் காட்டுவது. ஊசியில்லை, வெட்டில்லை, நோவில்லை. தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைச் சில கணம் நோக்கினால் முடிந்தது. ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்களவான மாற்றத்தையும் அது பிரித்துக் காட்டும். இன்றைய கருவிகள் அதனினும் நுண்மையானவை. ஒளியுணரும் கலங்கள் வரிசையாய் நிற்குமிடம் அப்படத்திலே வெண்கோடாகத் தெரிகிறது. மருந்தினால் தீங்கு தொடங்கும்போது அக்கோடு நடுவுக்கு இருமருங்கிலும் மங்கி அறுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு விழித்திரை பழுதின்றித் தோன்றும் நிலையிலேயே இவ்வறுதலைக் காணலாம்.

இதற்குத் துணையாக மற்றொரு படமும் உண்டு. விழித்திரையின் நிறப்படலத்திலே சேரும் கழிவுப்பொருள், நீல ஒளி பட்டால் தானாக மெல்ல ஒளிரும். அவ்வொளிர்வையே படமாக்கும் வழியை 1995இல் இலண்டன் ஆய்வாளர் வெளியிட்டனர். கலங்கள் நலிவுறும் இடம் முதலில் மிகுதியாக ஒளிரும். அவை இறந்தபின் அவ்விடம் கரிந்ததுபோல் இருளும். தன்னொளிர்வுப் படம் என்று இதனைத் தமிழிற் சொல்லலாம்.

கருவி கூர்மையானபின் கணக்கும் மாறியது. இம்மருந்தினால் கண் கெடுவது மிக அரிது என்றே பல்லாண்டு கூறிவந்தார்கள். முற்றிய வளையத்தை மட்டும் எண்ணினால் அரிதாகத்தானே தோன்றும்? 2014இல் மெலெஸ், மார்மோர் என்னும் இருவர், வட கலிபோர்னியாவிலே ஐந்தாண்டுகளுக்கு மேல் ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் உட்கொண்ட 2,361 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 7.5 பேரிடம் விழித்திரைத் தீங்கின் அறிகுறி இருந்தது. 2016இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் திருத்தி வெளியிட்ட வழிகாட்டல், உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. அவ்வளவுக்குள் நின்றால், முதல் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவும், பத்தாண்டுகளில் இருவருக்கும் குறைவாகவும் தீங்கு நேரும். இருபதாண்டுகள் கடந்தால் அஃது ஏறத்தாழ இருபது பேராகும். ஆகவே தொடங்கிய முதலாண்டுக்குள் ஒரு சோதனை. ஐந்தாண்டு கழிந்தபின் ஆண்டுதோறும் சோதனை. சிறுநீரகம் குன்றியவர்களும், மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் என்னும் மருந்தை உட்கொள்பவர்களும் அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது.

அவ்விரு ஆராய்ச்சியாளரும் 2015இல் வெளியிட்ட மற்றொரு முடிவு, ஆசியாக் கண்டத்தவராகிய நமக்கு முக்கியமானது. தீங்கடைந்த வெள்ளையரிடம் வளையம் வழக்கமான இடத்திலேயே, நடுவை அடுத்து இருந்தது. ஆசிய வம்சத்தினருள்ளோ சரிபாதியினருக்கு அவ்விடம் பழுதின்றியிருக்க, அதற்கு அப்பால், பெரிய இரத்தக் குழாய்கள் வளைந்து செல்லும் எல்லையருகே மட்டும் தீங்கு காணப்பட்டது. வெள்ளையருள் அப்படியிருந்தோர் நூற்றுக்கு இருவரே. ஐம்பதாண்டுக் காலம் மேனாட்டார் தங்கள் நோயாளரைக் கொண்டு வகுத்த இடத்திலேயே எல்லோரும் பார்த்துவந்தார்கள். பார்த்த இடம் நன்றாயிருந்ததால் கண் நன்றாயிருக்கிறது என்றார்கள். வேலியின் ஒரு பக்கத்தில் மட்டும் காவலிருந்தவன் கதை! இன்று ஆசியர்களுக்கு நடுப்பகுதிக்கு அப்பாலும் அகலமாகப் படமெடுக்கவும், பார்வைப் பரப்பை விரித்துச் சோதிக்கவும் வேண்டும் என்று வழிகாட்டல்கள் கூறுகின்றன.

இவ்வளவையும் கேட்டு, வீட்டிலே குளிசைப் போத்தலை எடுத்து எறிய எவரும் எழுந்துவிடவேண்டாம். 1991இல் கனடா நாட்டிலே, நோய் அடங்கியிருந்த 47 லூப்பஸ் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தையும் மறு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெறும் குளிசையையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து நின்றவர்கள் 22 பேரில் 16 பேருக்கு நோய் மீண்டும் சீறியது. தொடர்ந்தவர்கள் 25 பேரில் 9 பேருக்கே அப்படி நேர்ந்தது. லூப்பஸ் சீறினால் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்க வல்லது. 2020இல் கொரோனாத் தொற்றுக்கு இது மருந்தென்று தவறாக நம்பி உலகெங்கும் வாங்கிக் குவித்தபோது, இதனாலேயே உயிர்தாங்கும் லூப்பஸ் நோயாளர் பலர் குளிசை கிடையாது அல்லலுற்றதை மறந்துவிடவில்லை. கண்ணுக்கு அஞ்சி மருந்தை விடுவதும் கேடு. மருந்தை நம்பிக் கண்ணை விடுவதும் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே நடக்க உதவுவதே ஆண்டுக்கொருமுறை எடுக்கும் படம்.

எங்கள் ஆசிரியையிடம் திரும்புவோம். நான் மேற்சொன்ன அளவைக் கூறியதும் அவர் மேசைமீதிருந்த தாளொன்றை இழுத்துக் கணக்கிட்டார். அவருடைய நிறை 48 கிலோ. ஐந்தாற் பெருக்கினால் நாளொன்றுக்கு 240 மில்லிகிராம், வாரத்துக்கு 1,680. குளிசை ஒன்று 200 மில்லிகிராம். வாரத்துக்கு எட்டுக் குளிசை. அதற்குமேல் ஒன்று கூடினும் வரம்பு கடக்கும். இப்போது அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது நாளொன்றுக்கு ஒன்று, ஞாயிறு மட்டும் இரண்டு. சரியாக எட்டு. கணக்குப் பொருந்தியதில் அவருக்கு ஓர் ஆசிரியையின் மகிழ்ச்சி. பின்னர் சற்று மௌனமானார். முதல் ஆறு ஆண்டுகளும் வேறோரிடத்திலே அவருக்கு நாள்தோறும் இரு குளிசை கொடுத்திருந்தார்கள். அந்த அளவு 80 கிலோ நிறையுடையவருக்குப் பொருந்துவது. அக்காலத்திலே கண்ணைப் பார்க்கும்படி எவரும் சொல்லவில்லை. அவருக்கு முதற்படம் எடுத்தது ஒன்பதாம் ஆண்டிலே.

மறுநாள் அவர் தம்மிடமிருந்த இரு படங்களையும் கொண்டுவந்து காட்டினார். ஒன்று ஒன்பதாம் ஆண்டினது, மற்றது பத்தாம் ஆண்டினது. சாம்பல் நிறத்திலே மலைத்தொடர்போன்ற அடுக்குகள், நடுவே சிறு பள்ளம், அடியிலே வெண்கோடு. இரண்டையும் யன்னலோரம் அருகருகே வைத்துப் பார்த்தோம். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. வைத்தியரும் வேறுபாடில்லை என்றே சொன்னாராம். மருந்து தொடங்கிய ஆண்டிலே ஒரு படம் இருந்திருந்தால் அதனோடும் ஒப்பிட்டிருக்கலாம். அதற்கு இனி வழியில்லை. இவ்வாண்டினது மூன்றாவது படம். இம்முறை அகலமாக எடுக்கும்படி கேட்கலாமா என்று அவர் வினவினார். கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

விண்ணப்பத்திற் கையொப்பமிட்டேன். அவர் போன நாளிலே அவருடைய பத்தாம் வகுப்புக்கு நானே சென்றேன். கணிதம் எனக்கு வராது. ஹக்கலைத் தோட்டத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.